மக்கட்பேறும் மறைவும்

(நாமகிரிப்பேட்டையில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு. கேட்ட அன்பர்கள் விழைந்தவாறு எழுத்து வடிவில் இங்கு வெளியிடப்படுகிறது.)



யாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் இம்மேடையில் இதுகாறும் பேசப்படாத பொருளாகும். கல்வி, தொழில், மாணவர் விடுதி, உதவித்தொகை, திருமணச் செலவு என்பன பற்றிப் பலரும் பேசக் கேட்டிருக்கிறோம். பிள்ளைப்பேறு வாய்க்காதார் படும் துயரைப் பற்றியோ, அத்துயர் நீங்க அவர்கள் நாடும் புதிய மருத்துவ முறைகளைப் பற்றியோ, அம்முறைகளில் பிறர் தரும் விந்தும் சினைமுட்டையும் பயன்பட்டு வருவதைப் பற்றியோ எவரும் வாய் திறந்ததில்லை. அவைக்கு அடாத சொல் என்று கருதி அடக்கிவிடுகிறோம். ஆயின், அவையில் அடக்கிய பேச்சு திண்ணையில் அடங்குவதில்லை. சேலத்திற்கும் ஈரோட்டிற்கும் எவர் எத்தனை முறை சென்று வந்தனர், எந்த மருத்துவமனையில் காத்திருந்தனர் என்பதெல்லாம் ஊரில் முணுமுணுக்கப்படுகின்றன. முணுமுணுப்பைக் காட்டிலும் நேர்ப்பேச்சு நன்று என்பது எமது துணிபு. ஆதலின் பெரியோர்கள் பொறுமையுடன் செவி சாய்க்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.

பெறுதல் என்னும் சொல்

திருக்குறளில் ஏழாம் அதிகாரத்தின் பெயர் மக்கட்பேறு. பரிமேலழகர் அதனைப் ‘புதல்வரைப் பெறுதல்’ என்று வழங்கினார். தலைப்பு எதுவாயினும் உள்ளே நிற்கும் சொல் ‘பெறு’ என்பதேயாம். இச்சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கருவுயிர்த்தல் ஒன்று, ஒருவர் தரக் கொள்ளுதல் மற்றொன்று. ‘பிள்ளை பெற்றாள்’ என்னும்போதும் ‘பரிசு பெற்றாள்’ என்னும்போதும் சொல் ஒன்றே. பிள்ளை என்பது நாம் ஆக்கிக்கொள்ளும் உடைமையன்று, நமக்கு வந்து சேரும் பேறு என்று நம் முன்னோர் கருதினர் போலும். ஈன்றவரே யன்றி வளர்த்தவரும் பெற்றோர் என்று வழங்குதற்கு நம் மொழி இடந்தந்து நிற்கிறது.

இத்தகைய மொழியை உடைய நாம், பிள்ளை பெறாதாரை எவ்வாறு நடத்துகிறோம்? ‘மலடி’ என்னும் சொல் நம் ஊர்களில் இன்றும் வழங்குகிறது. வளைகாப்பிற்கும் பெயர்சூட்டு விழாவிற்கும் சில பெண்டிரை அழையாது விடுகிறோம். குறை ஆணிடத்தும் இருத்தல் கூடும் என்பதை மருத்துவ நூல் ஐயத்திற்கு இடமின்றி நிறுவியிருந்தும், முதலிற் சோதனைக்கு அனுப்பப்படுபவள் பெண்ணே. இப்பழிச்சொல் என்னும் முள் நெஞ்சிற் தைத்திருக்க, அதனை நீக்குவோம் என்று யார் வந்து சொன்னாலும் அவர் பின்னே செல்லும் நிலைக்கு நம் குடும்பங்கள் வந்துவிட்டன. இதனை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர்க் கூறப்போவன அனைத்திற்கும் இதுவே வேர்.

மருத்துவம் கடந்து வந்த வழி

கருவறைக்கு வெளியே கருவுறச் செய்த முதற் குழந்தை 1978ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாளே நம் நாட்டிற் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் அவர்களின் முயற்சியால் இரண்டாவது குழந்தை பிறந்தது. அவருடைய வெற்றியை அக்காலத்து அரசுக் குழு நம்ப மறுத்தது. மனமுடைந்த அப்பெருமகனார் 1981ஆம் ஆண்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986ஆம் ஆண்டில் மும்பையிலும், 1990ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் அவர்களின் முயற்சியாலும் இம்முறையிற் குழந்தைகள் பிறந்தன. அதன் பின்னர் இம்மருத்துவம் பெருநகர்களைக் கடந்து கொங்கு நாட்டு நகரங்களிலும் வேரூன்றிவிட்டது.

கணவனது விந்தோ மனைவியது சினைமுட்டையோ பயன்படாதபோது, பிறர் ஒருவரிடமிருந்து பெற்று வைத்துக் கருவுறச் செய்தல் இம்மருத்துவத்தின் ஒரு கிளை. விந்து கொடுத்தல் உடலுக்கு வருத்தமற்ற செயல். சினைமுட்டை கொடுத்தல் அத்தகையதன்று. இயல்பாகத் திங்களுக்கு ஒரு முட்டையே முதிரும். பல முட்டைகள் ஒருங்கே முதிரும் பொருட்டுப் பத்து நாள் அளவிற்கு நாளும் ஊசி மருந்து செலுத்துவர். பின்னர் மயக்கமருந்து கொடுத்து, ஊசி கொண்டு சினைப்பையிலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பர். சிலருக்குச் சினைப்பை அளவின்றித் தூண்டப்பட்டு வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே இடர் நேர்வதும் உண்டு. இதனை ஒரு பெண் ஒரு முறை செய்தாலே அது பெருங்கொடை. ஒருத்தியையே பன்முறை செய்வித்தல் கொடுமையாகும்.

சட்டம் கூறுவன

இத்துறையை நெறிப்படுத்த நம் நாட்டில் நெடுங்காலம் சட்டமே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இருந்தன. அவற்றை மீறினார்க்குத் தண்டனை இல்லை. உதவிசார் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் என்னும் நீண்ட பெயருடைய சட்டம் 2021ஆம் ஆண்டு திசம்பரில் நிறைவேறி, 2022ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் முதன்மையான விதிகளை நம் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம்.

விந்து கொடுப்பவர் 21 முதல் 55 வயதிற்கு உட்பட்டவராதல் வேண்டும். சினைமுட்டை கொடுப்பவள் 23 முதல் 35 வயதிற்கு உட்பட்டவளாதல் வேண்டும். அவளும் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம். அப்பொழுதும் ஏழு முட்டைகளுக்கு மேல் எடுத்தலாகாது. அவளுக்கு நேரக்கூடிய இடருக்கு ஈடாக, குழந்தை வேண்டும் இணையர் தம் செலவில் அவள் பெயரில் 12 மாதக் காப்பீடு செய்தல் வேண்டும். ஒருவர் கொடுத்ததை ஒரே இணையர்க்கு அன்றி மற்றோர்க்கு வழங்குதல் கூடாது. கொடுப்பவரைத் தேடி ஆராய்ந்து, அவர்தம் பெயர், முகவரி, ஆதார் எண் ஆகியவற்றைப் பதிந்து வைத்தல் பதிவுபெற்ற வங்கியின் கடமை. விந்தையும் முட்டையையும் கருவையும் விற்றலும், அவற்றிற்கு இடைத்தரகரை வைத்தலும் குற்றம். முதன்முறை குற்றம் புரிந்தார்க்கு 5 இலட்சம் முதல் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம். மீண்டும் புரிந்தால் 3 முதல் 8 ஆண்டு வரை சிறையும், 10 இலட்சம் முதல் 20 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு.

பிறக்கும் குழந்தை அவ்விணையரின் சொந்தக் குழந்தையாகவே சட்டத்தின் கண்ணிற் கொள்ளப்படும். சொத்துரிமை முதலிய எல்லா உரிமைகளும் அதற்கு உண்டு. கொடுத்தவர்க்கு அக்குழந்தை மீது உரிமை சிறிதும் இல்லை. கொடுத்தவர், பெற்றவர் ஆகிய இருபாலார் செய்தியும் மறைவாகக் காக்கப்படும். தேசியப் பதிவகத்திற்குத் தரும் பொழுதும், மருத்துவ நெருக்கடியில் இணையர் வேண்டும் பொழுதும், நீதிமன்றம் ஆணையிடும் பொழுதும் அன்றி அது வெளிப்படலாகாது. மருத்துவ நிலையங்கள் குறிப்பேடுகளைப் பத்தாண்டு காத்துப் பின்னர்த் தேசியப் பதிவகத்தின்பால் ஒப்புவித்தல் வேண்டும்.

விதிகள் மிகக் கடுமையானவை என்று மருத்துவர் சிலர் குறை கூறுகின்றனர். ஏழு முட்டை என்னும் எல்லையால் முயற்சி பயன்படாது போகலாம் என்பதும், ஒருவர்க்கு ஒருவரே என்றால் கொடுப்பார் தொகை குறைந்து விலை ஏறும் என்பதும் அவர்தம் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் எல்லையே இல்லாக் காலத்தில் நிகழ்ந்தது யாது என்பதை நம் அண்டை நகரமே நமக்குக் காட்டிற்று.

ஈரோடும் இராசிபுரமும்

2022ஆம் ஆண்டு சூன் திங்களில் ஈரோட்டில் வெளிப்பட்ட செய்தி நாட்டையே நடுங்கச் செய்தது. பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியிடமிருந்து பல ஆண்டுகளாகப் பன்முறை கருமுட்டை எடுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. பெற்ற தாயும், தாயுடன் வாழ்ந்தவனும், இடைத்தரகாக நின்ற பெண்ணொருத்தியும், வயதை உயர்த்திப் பொய் ஆதார் அட்டை செய்து கொடுத்தவனும் கைது செய்யப்பட்டனர். அரசு மருத்துவக் குழுவொன்றை அமைத்து விசாரித்தது; அடுத்த திங்களே மருத்துவமனைகள் சிலவற்றின் மீது நடவடிக்கையும் அறிவித்தது. பாடப்புத்தகம் ஏந்த வேண்டிய வயதில் ஊசிக்குக் கை நீட்டிய அச்சிறுமி எக்குடியிற் பிறந்தாள் என்று யாரும் கேட்க வேண்டுவதில்லை. ஏழை வீட்டிற் பிறந்தாள் என்பதொன்றே நமக்குப் போதும்.

அதற்கு மூன்றாண்டு முன்னர், 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில், நமக்கு மிக அணித்தாய இராசிபுரத்தில் மற்றொரு கொடுமை வெளிப்பட்டது. ஓய்வு பெற்ற செவிலிப் பணியாளர் ஒருவர் குழந்தைகளை விலை பேசும் ஒலிப்பதிவு பரவிற்று. ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்திற்கு ஒரு விலை. பிறப்புச் சான்றும் வாங்கித் தரப்படும் என்று அப்பேச்சு நடந்தது. கொல்லிமலை வாழ் ஏழைக் குடும்பங்களின் மீது விசாரணையின் பார்வை சென்றது. வழக்குக் குற்றப்பிரிவு குற்றப்புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றல்ல. ஒன்று கருமுட்டை பற்றியது. மற்றொன்று பிறந்த குழந்தை பற்றியது. ஆயினும் இரண்டிலும் ஒரே மூன்று பொருள்கள் காணக் கிடக்கின்றன. வறுமையால் கொடுக்கும் கை ஒன்று. பொய்த்தாள் ஒன்று. எவரும் அறியாவண்ணம் முடித்துக் கொடுக்கும் தரகர் ஒன்று. தரகர் விற்கும் சரக்கு யாது என்று நாம் ஆராய்தல் வேண்டும். குழந்தையை முறைப்படி தத்தெடுக்க மத்தியத் தத்தெடுப்பு ஆணையம் இருக்கிறது. முட்டையை முறைப்படி பெற வங்கி இருக்கிறது. அவ்விடங்களை விடுத்துத் தரகரிடம் செல்வோர் சிலர் விரைவு கருதிச் செல்கின்றனர். பெரும்பாலார் தேடுவது மறைவு. ‘ஊருக்குத் தெரியாமல் முடியும்’ என்னும் உறுதிமொழியே தரகரின் முதற் சரக்கு. அச்சரக்கிற்கு விலை ஏற்றி வைத்தவர் யார்? மலடி என்று பேசியவர், வளைகாப்பிற்கு அழையாதவர், ‘பிள்ளை யார் சாயல்’ என்று தொட்டிலருகே நின்று ஆராய்ந்தவர். கடுஞ்சொல்லாயினும் கூறுகிறோம்: ஊராகிய நாமே அச்சந்தைக்கு ஆதரவாளர். தரகரைப் பிடிக்கக் காவல்துறை உண்டு. தரகர்க்கு வேலை கொடுக்கும் பழிச்சொல்லைப் பிடிக்க நம்மையன்றி வேறு எவரும் இல்லை.

மறைவு இருவகை

இனிப் பெயர் மறைத்தலைப் பற்றிச் சிறிது நுணுகி நோக்குவோம். மறைவு இருவகைப்படும். ஊரிடமிருந்து மறைத்தல் ஒன்று. பிறந்த பிள்ளையிடமிருந்து மறைத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியே நாம் இடர்ப்படுகிறோம்.

ஊருக்கு அறிவிக்க வேண்டுவதில்லை. மருத்துவம் ஒரு குடும்பத்தின் உட்பொருள். சட்டம் அதனைக் காப்பது மிகவும் தக்கதே. கொடுத்தவர்க்கும் தம் குடும்பத்தில் அமைதியுடன் வாழ உரிமை உண்டு. ஆனால் பிள்ளையின் நிலை வேறு. வளர்ந்த பின்னர்த் தன் உடலில் ஓடும் மரபு எது, எந்நோய்க்கு இடமுடையது என்று அறிய விரும்பும் மனிதர்க்கு, ‘உனக்கு அவ்வுரிமை இல்லை’ என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? 2005ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், இம்முறையிற் பிறந்தவர் 18 வயது நிரம்பிய பின்னர், கொடுத்தவரின் பெயரும் முகவரியும் நீங்கலாக மற்றச் செய்திகளை அறியலாம் என்று இடந்தந்தன. 2021ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையைத் தனி விதியாக எடுத்துரைக்கவில்லை. தத்துப் பிள்ளையின் நிலையோ வேறு. தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, 18 வயது நிரம்பிய தத்துப் பிள்ளை தன் வேரைத் தேட விண்ணப்பிக்கலாம். ஈன்றவரின் மறைவுரிமைக்கு ஊறு நேராத அளவில் விடை பெறலாம். இருவரும் நம் நாட்டுப் பிள்ளைகளே. ஒருவர்க்குத் திறந்த கதவு மற்றொருவர்க்கு ஏன் திறக்கலாகாது என்பதே எம் வினா.

பிற நாடுகள் இவ்வினாவிற்கு விடை கண்டுள்ளன. சுவீடன் 1985ஆம் ஆண்டு முதற்கொண்டே, தக்க பருவம் எய்திய பிள்ளை கொடுத்தவரை அறியும் உரிமையை வழங்கியது. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் பெயர் மறைத்துக் கொடுத்தல் நின்றது. அதன்பின் கருவுற்றுப் பிறந்தவர் 18 வயதில் கொடுத்தவரின் பெயரை அறியலாம். செருமனி 2018ஆம் ஆண்டில் இதற்கெனத் தேசியப் பதிவகம் ஒன்றை நிறுவிற்று. ‘பெயர் வெளிப்படுமாயின் எவரும் கொடுக்க முன்வாரார்’ என்னும் அச்சம் அந்நாடுகளிலும் எழுந்ததே. கொடை நின்றுவிடவில்லை.

வரம்பின்றி விட்டால் விளைவது யாதென்பதற்கும் அங்கே சான்றுகள் உள. நெதர்லாந்து நாட்டில் ஒருவர் கொடுத்த விந்தினால் 550க்கு மேற்பட்ட பிள்ளைகள் பிறந்தமையின், இனிக் கொடுக்கலாகாது என்று 2023ஆம் ஆண்டில் அந்நாட்டு நீதிமன்றம் தடை விதித்தது. தென்மார்க்கு நாட்டு வங்கி ஒன்றுக்குக் கொடுத்த மற்றொருவர் நல்ல உடல்நலத்துடனேயே இருந்தார். ஆயினும் அவர் விந்தின் ஒரு பகுதியில் புற்றுநோய்க்கு இடந்தரும் மரபணு மாற்றம் ஒன்று மறைந்திருந்தது. 2025ஆம் ஆண்டு மே திங்களில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டவாறு, எட்டு நாடுகளில் அவர் வழிப் பிறந்த 67 பிள்ளைகள் வரை கண்டறியப்பட்டு, அவர்களுள் 10 பேர்க்குப் புற்றுநோய் தோன்றியிருந்தது. அவர்களைத் தேடி எச்சரிக்கை செய்ய முடிந்தமைக்குக் காரணம் ஏதோ ஒரு பதிவு எங்கோ இருந்தமையே. பதிவு இல்லாத இடத்தில் எச்சரிக்கை யாரை நோக்கிச் செல்லும்?

நம் ஊர் உழவர் விதைமஞ்சள் வாங்கும்போது, எந்த வயலில் விளைந்தது, அவ்வயலிற் கிழங்கழுகல் கண்டதா என்று வினவாமல் வாங்குவதில்லை. மக்கள் மஞ்சளினும் மேலானவர். அவர்தம் மூலம் பற்றிய குறிப்பேடு மெய்யானதாய் இருத்தல் வேண்டும் என்று கேட்பது மிகையாகாது. ஈரோட்டு நிகழ்ச்சியில் நம்மை அஞ்சச் செய்வது இதுவே: அங்கே குறிப்பேட்டிற்குச் சென்ற வயதே பொய். அம்முறையில் பிறந்த குழந்தைகள் உளவாயின், நாளை அவர்கள் எத்துணைப் பெரிய நீதிமன்றத்தை நாடினும் பொய்ப் பெயருக்கு அப்பால் எதனைக் காண்பர்? ஆகவே, பெயரை மறைக்கலாம், பதிவைப் பொய்யாக்கலாகாது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாடு போன்றது.

‘நம்மவர் வேண்டும்’ என்னும் வேண்டுகோள்

இப்பொழுது யாம் கூறப்போவது சிலர்க்குக் கசக்கலாம். ஒரு சமூகச் சங்கத்தின் மேடையில் நின்று கூறுகிறோம் என்பதை உணர்ந்தே கூறுகிறோம். ‘கொடுப்பவர் நம்மவராய் இருத்தல் வேண்டும், வேற்றுச் சாதியார் வேண்டா’ என்று கேட்கும் வழக்கம் நாட்டில் உண்டு. குலம் கெடாமல் இருக்கும் பொருட்டு இங்ஙனம் கேட்கிறோம் என்பர். அக்குல நெறியைக் கொண்டே இவ்வேண்டுகோளை அளந்து பார்ப்போம்.

நம் பக்கத்துக் குடிகளின் திருமண நெறிக்கு அடிப்படை யாது? ஒரே குலத்தார் பங்காளிகள்; அவர்கள் உடன்பிறந்தார்க்கு ஒப்பர்; அவர்களுக்குள் மணம் இல்லை. மாமன் மைத்துனர் முறையுடைய குலத்திலேயே பெண் எடுத்தலும் கொடுத்தலும். பெண் பார்க்கச் சென்றால், ஊருக்கு முன்னே குலமும் குலதெய்வமும் கேட்கிறோம். தலைமுறை தலைமுறையாக, ஏடும் எழுத்தும் இல்லாத காலத்திலும், ஒரு குருதியார் ஒருவரையொருவர் மணவாதபடி காத்த பதிவேடு அதுவே.

இனி, பெயர் மறைத்த ஒருவர், நம் சமூகத்தவராகவே, நம் வட்டாரத்தவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று கொள்வோம். அவர் எக்குலத்தார் என்பது இணையர்க்குத் தெரியாது. பிறந்த பிள்ளை இருபத்தைந்து ஆண்டு கழித்து மணத்திற்கு நிற்கிறது. நாம் எங்கே பெண் தேடுவோம்? அதே சமூகத்தில், அதே வட்டாரத்தில், இராசிபுரத்திற்கும் ஆத்தூருக்கும் நடுவே. வளர்த்தவரின் குலம் ஒன்று, மணமகளின் குலம் வேறு. பொருத்தம் உண்டு என்று பெரியோர் தலையசைப்பர். அம்மணமகள் கொடுத்தவருடைய சொந்த மகளாய் இருந்துவிட்டால்? வட்டம் எவ்வளவு சிறிதோ, இடர் அவ்வளவு பெரிது. குலத்தைக் காக்கக் கேட்ட வேண்டுகோளே, குலநெறியின் அடிமரத்தில் கோடரியாய் விழுகிறது. ஒருவர் கொடை ஒரே இணையர்க்கு என்னும் சட்டவிதி இவ்விடரை மிகக் குறைக்கிறது. ஆயினும் கொடுத்தவர்க்குத் தம் சொந்தப் பிள்ளைகள் உளரே. மெய்யான பதிவும், மணவயதில் அதனை வினவிப் பார்க்கும் உரிமையும் இருந்தாலன்றி இவ்விடர் முற்றும் நீங்காது.

மேலும், ‘இன்ன சாதி, இன்ன நிறம்’ என்று கேட்குந்தோறும் நாம் ஒரு விலைப்பட்டியை எழுதுகிறோம். இராசிபுரத்து ஒலிப்பதிவில் நிறத்திற்கு விலை கூறிய குரலை இகழ்ந்தோமே. அவ்விலையைக் கேட்டு வாங்க மறுமுனையில் ஒருவர் இருந்தமையாலன்றோ அக்குரல் எழுந்தது! பிள்ளைக்குக் குலம், வளர்த்தவர் இட்ட பெயராலும், வணங்கச் செய்த தெய்வத்தாலும், கற்பித்த ஒழுக்கத்தாலும் வருகிறது. தத்தெடுத்த பிள்ளைக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காதுகுத்தி, நம்முள் ஒருவராக ஏற்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

ஆபுத்திரன் வரலாறு

பிள்ளையிடம் எதையும் கூறாது விடுவதே அன்பு என்று எண்ணும் பெற்றோர்க்கு, மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம். சாலி என்னும் பார்ப்பனி வழியிடையே ஈன்று விட்டுச் சென்ற குழந்தையை ஆவொன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்னும் அந்தணர் கண்டெடுத்துத் தம் மகனெனக் கொண்டு மறை கற்பித்து வளர்த்தார். பின்னர் அவன் வேள்விக்குக் கட்டிய பசுவை விடுவித்துச் செல்ல, சினந்த அந்தணர் அவனைத் துன்புறுத்தினர். அப்பொழுது தான் அவன் பிறப்பு அவைநடுவே இழிவுரையாய் வெளிப்பட்டது. பெருமுனிவர் பலர் பிறப்பையும் எடுத்துக்காட்டி அவன் துணிவுடன் விடையிறுத்தான். ஆயினும் வளர்த்த தந்தையும் அவனைக் கைவிட்டார். ஊரும் பிச்சையிட மறுத்தது.

இவ்வரலாற்றில் யாம் காண்பது ஒன்றுண்டு. பிறப்பின் செய்தி ஆபுத்திரனைக் கெடுக்கவில்லை; அச்செய்தியைப் பகைவர் வாயிலிருந்து அவன் கேட்க நேர்ந்ததும், கேட்ட நாளில் தந்தை உடன் நில்லாததும் அவனைத் தனியனாக்கின. மறைபொருள் என்றேனும் வெளிப்படும். இந்நாளில் அதற்குப் பகைவனும் வேண்டா. எச்சில் துளி கொண்டு மரபணு ஆராயும் நிலையங்கள் பெருகி வருகின்றன. வெளிப்படும் நாளில் அதனைக் கூறும் வாய் யாருடைய வாய் என்பதே வினா. வளர்த்த தாய் தந்தையர் மடியில் வைத்துக் கூறிய செய்தி பிள்ளைக்குத் தன் வரலாறாகும். பங்காளிச் சண்டையில், சொத்து வழக்கில், பிறர் கூறக் கேட்ட செய்தி அதே பிள்ளைக்கு வடுவாகும்.

நாம் செய்யத் தக்கன

இறுதியாக, சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, மருத்துவம் நாடும் நம் குடும்பத்தார் பதிவுபெற்ற நிலையத்தையே நாடுக. பதிவுச் சான்றைக் காட்டுமாறு கேட்கக் கூச வேண்டா. தாலி வாங்கும்போது முத்திரை பார்க்கும் நாம், குழந்தை பெறும்போது முத்திரை பாராதிருத்தல் அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது, கொடுப்பவளின் வயதும் இசைவும் மெய்யானவையா, அவளுக்குக் காப்பீடு செய்யப்பட்டதா என்று இணையரே வினவுக. அவள் பெயரை அறிய வேண்டுவதில்லை. அவள் சிறுமியல்லள், வற்புறுத்தப்பட்டவளல்லள் என்பதை அறிந்தே தீர வேண்டும். ஒரு வீட்டுத் தொட்டில் ஆடுதற்கு மற்றொரு வீட்டுச் சிறுமியின் வயிறு விலையாகுமாயின், அப்பேறு பேறாகாது.

மூன்றாவது, மருத்துவக் குறிப்பேடுகளைக் கிழித்தெறியாது பேணிக் காக்க. பிள்ளை பருவம் எய்துமுன், தக்க சொற்களால், அன்புடன் தாமே செய்தியைக் கூறுக.

நான்காவது, 18 வயது நிரம்பியோர் கொடுத்தவரின் நோய் வரலாறு முதலியவற்றை அறியவும், திருமணத்தின் முன் குருதித் தொடர்பு உண்டா இல்லையா என்று பதிவகத்தை வினவி விடை பெறவும் சட்டத்தில் வழி செய்யுமாறு நம் சங்கம் அரசுக்கு விண்ணப்பம் விடுக்க. பெயரை வெளியிடாமலே ‘உண்டு’ ‘இல்லை’ என்னும் ஒரு சொல்லால் அவ்விடையைத் தரலாம்.

ஐந்தாவது, எளியதும் அரியதும் இதுவே. ‘மலடி’ என்னும் சொல்லை நம் வீடுகளிலிருந்து அகற்றுவோமாக. நம் வளைகாப்பிலும் பெயர்சூட்டு விழாவிலும் பிள்ளையில்லாத சகோதரியை முதலில் அழைத்து முன்வரிசையில் அமர்த்துவோமாக. பிள்ளை வேண்டாது அமைந்து வாழ விரும்புவாரையும், தத்தெடுப்பாரையும், மருத்துவம் நாடுவாரையும் ஒரே மதிப்புடன் நடத்துவோமாக. ஊர் இங்ஙனம் மாறுமாயின், ஊருக்கு அஞ்சித் தரகர் வீட்டுப் பின்வாயிலில் நிற்பார் ஒருவரும் இரார். தாய்மார்கள் மனம் வைத்தால் இவ்வொன்று அடுத்த முகூர்த்தத்திலேயே தொடங்கிவிடும்.

 பிள்ளை பெற்ற வீடும் பெறாத வீடும் ஒருங்கே தலைநிமிர்ந்து வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.